கிறிஸ்தவ சபையை விட்டுப் போகிறவர்களை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். போக விடுங்கள். வழியில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா" என்று கேளுங்கள். இதைச் சொல்ல இவ்வளவு நீளப் பதிவு எதற்கு என்பீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நடப்பதைப் பார்த்தால் தேவைப்படுகிறது.

காரைக்குடி கழனிவாசல் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. வருஷக்கணக்காக ஒரே சபை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் நாடக உடுப்பெல்லாம் அவர் கைதான். போன நவம்பரில் நின்றுவிட்டார். சண்டை இல்லை, பணத் தகராறு இல்லை. "நம்பிக்கை போயிருச்சு தம்பி, நடிக்க முடியலை" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறே மைக்கில் பெயர் சொல்லி, "பின்மாற்றத்தில் விழுந்த சகோதரிக்காக ஜெபிப்போம்." விசுவாசத்தை விட்டு விலகினதைத்தான் பின்மாற்றம் என்பார்கள். வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கம். அந்த வாரமே, தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணிகளைத் திரும்பக் கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வெட்டி வைத்திருந்ததையும் அளவு ஜாக்கெட்டோடு சுருட்டி வாங்கிப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும் வெட்டினதற்குக் கூலி கொடுத்தாராம்.

மைக்கில் நடந்ததை ஜெபம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசிய புறணி அது.

கேட்டால் மத்தேயு 18:17ஐ நீட்டுவார்கள். சபைக்கும் செவிகொடாதவன் அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் இருக்கட்டும் என்ற வசனம். அந்தப் பகுதி ஒருவன் சகோதரனுக்குச் செய்த குற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. நம்பிக்கை இல்லை என்று நேர்மையாக எழுந்து போனவருக்கு அங்கே என்ன வேலை? சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும், ஊரே வெறுத்த வரி வசூலிப்பவர்களான ஆயக்காரர்களை இயேசு எப்படி நடத்தினார்? அவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். யோவான் 6ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் பலர் விட்டுப் போகிறார்கள். அவர் யாரையும் சபிக்கவில்லை. மிச்சமிருந்த பன்னிருவரிடம் "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று கேட்டார். இப்படிக் கேட்கிற தைரியம் உள்ள பாஸ்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

2002இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நாம் என்ன சொன்னோம்? மதம் அவரவர் மனச்சாட்சி, அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தந்த உரிமை என்றோம். 2004இல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த 25ஆம் பிரிவு உள்ளே வருகிறவருக்கு மட்டும் எழுதியதா?

நம் பக்கத்து ஓரியூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் கிறிஸ்தவராக மாறியதில் மூண்ட கோபம்தான் 1693இல் அவரை மாற்றிய போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) தலையை வாங்கியது. அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை இன்றும் பக்தியோடு எடுத்து வருகிறோம். ஒருவர் தன் மனசுப்படி மாறினார் என்பதற்காக அடுத்தவர் கொதித்ததன் விளைவு என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வேறு சபையிலிருந்து ஒருவர் வந்தால் சாட்சி சொல்ல மேடையேற்றுகிறோம். நம்மிடமிருந்து ஒருவர் போனால் சாத்தான் இழுத்துவிட்டான்! (1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவத் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. பிள்ளையின் படிப்புக்காகக் காகிதத்தில் இந்துவாக மாறுகிறவரை, யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய "முப்பது வெள்ளிக்காசு" என்று ஏசும் பெரியவர்கள், கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவர் பற்றி மூச்சு விடுவதில்லை. அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

பாஸ்டரின் நடத்தையாலோ கமிட்டியின் கணக்காலோ மனம் நொந்து போகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்ல வந்தால் உட்கார்ந்து கேளுங்கள், உடனே வசனத்தால் வாயை அடைக்காதீர்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டால் சந்தா பாக்கியைக் காட்டி இழுத்தடிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை வைத்தால் போய் மொய் எழுதிவிட்டு வாருங்கள்.

முக்கியமானது கல்லறை. விட்டுப் போனவர் இறந்து, அவரை அம்மா அப்பா பக்கத்தில் புதைக்க வீட்டார் கேட்டால் இடம் கொடுங்கள். மன்னிப்புக் கடிதம், கமிட்டிக் கூட்டம் என்று சொல்லி உடலை வீட்டில் கிடத்தி வைக்க வேண்டாம். எங்கள் சபையின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஓர் ஆள் வேண்டும்.