பத்து நிமிஷ டெமோவில் என்னத்தைக் கண்டீங்க அண்ணாச்சி?

பள்ளி மாற வேலை கேட்டு வந்த டீச்சர் குடுத்த மாதிரிப் பாடத்தை, அதான் டெமோவை, கேலி பண்ணி ஒரு தனியார் பள்ளித் தாளாளர் போட்ட வாய்ஸ் நோட் பாளையங்கோட்டை முழுக்கச் சுத்திவிட்டது. "டீச்சருக்குக் கை நடுங்குது, இவுக என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறாக"ன்னு தாளாளர் சிரிக்கிறார். நல்லாச் சிரிங்க.

நடுங்கத்தான் செய்யும் அண்ணாச்சி. டெமோ நடந்த அறையில் ஒரு பிள்ளை கிடையாது. முன்னால் நீங்க, முதல்வர், ஆபீஸ் கிளார்க். தப்பான பதிலே வராத அறையில் வாத்தியாருக்கு என்ன சோலி?

ஆறாம் வகுப்பில் 1/2 + 1/3 கேட்டுப் பாருங்க. பின்பெஞ்சிலிருந்து "2/5"ன்னு குரல் வரும். மேல எண், கீழ எண்ணைத் தனித்தனியாக் கூட்டுற தப்பு. மீ.சி.ம. 6, ஆகவே 5/6 என்று எழுதிப்போட்டால் பையன் நோட்டில் ஏத்திக்கிடுவான். மறுநாளும் 2/5தான் சொல்லுவான். தெரிஞ்ச டீச்சர் விடையை எழுத மாட்டாங்க. "அரை லிட்டர் பால்ல இன்னும் ஊத்துனா குறையுமாலே? 2/5 லிட்டர்னா 400 மில்லிதான?"ன்னு கேட்பாங்க. வகுப்பு முழிக்கும். அப்புறம்தான் 12 கட்டம் போட்ட தாள். பாதிக்கு 6, மூணுல ஒண்ணுக்கு 4, ஆக 10/12. ஆறு கட்டமே போதும், ஆனால் 12 போட்டால் சுருக்கி 5/6 ஆக்குறதும் அதே பீரியடில் முடியும். இதுக்கு 40 நிமிஷம் வேணும். நீங்க குடுத்தது பத்து.

"டெமோ எல்லாரும்தான குடுக்காக?" குடுக்கட்டும், பிள்ளைகளை உட்கார வச்சுக் கேளுங்க. "சம்பளத்துக்காகத்தான மாறுனாக?" ஆமா. அதுக்கென்ன? "டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணட்டும்." பொதுப் பிரிவுன்னா 150க்கு 90 எடுக்கணும், சரி. சர்வீஸில் இருக்கிறவங்களும் டெட் பாஸ் பண்ணணும்னு உச்ச நீதிமன்றம் சொன்ன 2025 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகு அவங்களே அதை நினைச்சுத் தூக்கம் கெட்டுக் கிடக்காங்க. அந்தத் தாளிலும் 2/5 சொன்னவன் முகம் எங்கேயும் வராது.

பழைய பள்ளியில் எவன் புரியாமலே தலையாட்டுவான்னு தெரியும். புதுசில் நாற்பது முகமும் ஒண்ணுபோல இருக்கும். சமச்சீரிலிருந்து சிபிஎஸ்இக்குப் போனால் பாட வரிசையும் மாறும். "நமக்கு ஒண்ணும் தெரியாதோ"ன்னு முதல் ரெண்டு வாரம் அரிக்கும். பாடம் எங்கேயும் போகலை, முகங்கள்தான் போச்சு. புத்தகத்தை மூடி வச்சிட்டு அஞ்சு கேள்வி மட்டும் எழுத வாங்கி, மார்க் போடாமல், தப்பை மட்டும் வகை பிரிங்க. கடைசி பெஞ்சில் ஒருதரம் உட்கார்ந்து போர்டைப் பாருங்க. மத்தியான வெயில் ஜன்னல் வழியா விழுந்தால் பாதி போர்டு தெரியாது. அந்தப் பிள்ளை மக்குன்னு பேர் வாங்குறது இதாலயும்தான்.

இவ்வளவும் பார்க்கிற ஆளைத்தான் ஆடியோ போட்டுச் சிரிக்கிறாங்க. பிடிச்சுப்போய்த்தான் இந்த வேலையில் கிடக்கோம், அதுவே எல்லாருக்கும் இளக்காரமாப் போச்சு.

ஜூனில் மாறப் போற டீச்சர்களே, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டிட்டுத் திருப்பி வாங்குங்க, நகல் மட்டும் குடுங்க. ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றும் கைக்கு வராமல் பழைய பள்ளிச் சாவியை ஒப்படைக்காதீங்க. மே மாசச் சம்பளம் உண்டான்னு சேருமுன்னே கேட்டு எழுத்தில் வாங்குங்க. முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.