சூரியனுக்குப் பயப்படும் ஷட்டர்
கார் ஷெட்டுக்கு ரிமோட் ஷட்டர் போட்டது என் புத்தி. மதுரை ஒத்தக்கடையில் வீடு, வடக்குப் பார்த்த வாசல். காலையில் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மாலை ஐந்தரை ஆனால் போதும், பாதி இறங்கி மறுபடி மேலே ஏறிக்கொள்கிறது. குறுக்கே ஒரு பூனைகூட இல்லை. நிற்பது சூரியன்!

கத்திரி வெயில் காலத்தில் சூரியன் வடமேற்கில் இறங்குகிறது. குறுக்கே எதுவும் வந்து கதிர் தடைபட்டால் ஷட்டரை மேலே ஏற்றிவிடும் சென்சாரின் ஒளி வாங்கும் பெட்டியையோ மேற்கே பார்க்க, கிழக்குத் தூணில் பொருத்திவிட்டார்கள். முகத்தில் வெயில் அடித்தால் எதிர்த்தூணிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினால் வேலை முடிந்தது. காலை வெயிலைப் பக்கத்து வீட்டுச் சுவர் மறைத்துவிடும்.

பொருத்தியவரை அழைத்தேன். "வெயில் குறைந்ததும் சரியாகிவிடும் சார்" என்கிறார். மதுரையில்! எந்த மாதம் என்றும் சொல்லியிருக்கலாம்.

ஷட்டர் ஓடும் தண்டவாளத்தில் அப்பிய கிரீஸ் வேறு புழுதியைச் சேர்த்துக் களிம்பாகிக் கிடக்கிறது. அதற்கு சிலிக்கோன் ஸ்பிரே போதுமாம், இப்போது சொல்கிறார்.

தினமும் மாலையில் நான் தூணருகே குடை பிடிக்கிறேன்; மனைவி ரிமோட்டை அழுத்துகிறாள்.