தாத்தா இன்னும் தலையாட்டவில்லை

போன வாரம் சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் உட்கார்ந்து ‘காதலிக்க நேரமில்லை’ பார்த்தோம். ஸ்ரீதர் 1964-இல் எடுத்த படம். எல்லாரும் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பெண்களின் அப்பாவாக வரும் பாலையாவின் முகம். வேலையிலிருந்து நீக்கிய பையன் வீட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு உட்காரும்போது கொதிக்கிறார். அவனே பெரிய பணக்காரன் மகன் என்று கேட்டதும் அப்படியே குழைகிறார். முத்துராமன் பணக்காரக் கிழவர் வேடத்தில் வந்து நிற்கும்போது கேட்கவே வேண்டாம். பணத்தாசை பிடித்த மனுஷன்தான், ஆனாலும் அவரை வெறுக்க மனம் வரவில்லை.

இத்தனைக்கும் அந்தப் படத்தில் யாரும் ஓடிப்போகவில்லை. நினைத்திருந்தால் ஒரு ராத்திரி போதும். பொய், வேடம் என்று அவ்வளவு பாடுபடுவது அப்பா வாயால் ‘சரி’ என்று கேட்பதற்காக. அந்த ஆசை உண்மையானது என்பதால்தான் பொய்கள் ஒவ்வொன்றும் சிரிப்பு மூட்டுகின்றன. இப்போது வரும் பல படங்களில் பெரியவர்கள் வில்லன்களாக இருக்கிறார்கள், இல்லையென்றால் கடைசியில் ஒரு வசனத்தைக் கேட்டுத் திருந்திவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

சிங்கப்பூரில் 21 வயது ஆகிவிட்டால் பெற்றோர் சம்மதம் இல்லாமலே திருமணத்தைப் பதிவு செய்யலாம். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான். என் அக்கா மகளுக்கு 27. சீனப் பையன் ஒருவரை விரும்புகிறாள். இருவரும் சேர்ந்து தெங்கா புதுநகரில் பிடிஓ வீடுகூட, அதாவது முன்பதிவு செய்தபின் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடு, எடுத்துவிட்டார்கள். இங்குள்ள பிள்ளைகளுக்கு அதுவே பாதி நிச்சயதார்த்தம். அக்காவும் மாமாவும் ஒத்துக்கொண்டாயிற்று. எங்கள் அப்பா மட்டும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து, நான்கு மாதமாக, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. “தாத்தா ஒண்ணுமே சொல்லலையே சித்தி” என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதில் இருக்காது.

இந்த வயதில் யாரிடம் போய் அனுமதி கேட்பது என்கிறார்கள் தோழிகள். அவள் அனுமதியா கேட்கிறாள்? சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் தாலி ஏறும்போது தாத்தா கையால் அட்சதை விழ வேண்டும். அதைக் கேட்கிறாள். அப்பாமேலும் எனக்கு வருத்தம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லலாம், திட்டலாம், சண்டை போடலாம். பாலையா அதையெல்லாம் செய்தாரே! பேசாமல் இருப்பதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது.

படம் முடிந்தது. அப்பா எழுந்து போகவில்லை. பேத்தியைப் பார்த்து, “தெங்காவுக்கு எம்ஆர்டி ரயில் வந்திடுச்சா?” என்றார்.

“இன்னும் இல்ல தாத்தா.”

“அப்போ நான் எந்த பஸ்ல வர்றது?”