தூண்டிலை மட்டும் குறை சொல்லலாமா?
கலிபோர்னியாவில் 2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டுகள் வணிக சால்மன் மீன்பிடிப்பு மூடப்பட்டதற்கு மீனவர்களின் பேராசையே காரணம் என்று கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. அங்கே கடலில் நடப்பது இழுவலை மீன்பிடிப்பு அன்று. மெல்ல நகரும் படகின் பின்னே செல்லும் தூண்டில் கயிறுகளில் மீன் ஒவ்வொன்றாகவே சிக்குகிறது. தூண்டில் முள்ளில் எதிர்முள் (மீன் நழுவாமல் பிடிக்கும் பின்னோக்கிய கூர்) இருக்கக் கூடாது என்பது விதி என்பதால், பிடிக்கத் தடை செய்யப்பட்ட கோஹோ வகை சால்மனோ அளவு குறைந்த சினூக் வகை சால்மனோ மாட்டினால், படகில் ஏற்றாமல் நீர்மட்டத்திலேயே உதறி விட்டுவிட முடியும் (அப்படி விட்டவற்றிலும் சில இறக்கின்றன என்பது உண்மைதான்). ஆனால் வறட்சியும் அணைகளும் சேர்ந்து சால்மன் முட்டையிடும் சாக்ரமென்டோ ஆற்று நீரைச் சூடாக்கியதில் மடிந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் எந்த மீனவரின் கணக்கில் எழுதுவது? அளவுக் கட்டுப்பாட்டை இன்னும் கடுமையாக்கச் சொல்லும் முந்தைய கருத்தாளரும், அந்த ஆற்றிலுள்ள ஷாஸ்டா அணையிலிருந்து குளிர்ந்த நீர் எப்போது, எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.