அரபு இலக்கணமும் துபாய் டிக்கெட்டும்

‘காலேஜில் அரபு இலக்கணம் படிக்கிற பசங்க எல்லாம் துபாய் வேலைக்காகத்தான்’ என்று மேலே எழுதியிருக்கும் அண்ணாவுக்கு: பாதிகூடச் சரியில்லைங்க. அங்கே வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது பேச்சரபு. அந்தப் பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் வேற்றுமைக் குறியை யாரும் உச்சரிப்பதில்லை. நஹ்வு (வாக்கிய இலக்கணம்) வகுப்பில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டதோ பெரும்பாலும் அந்தக் கடைசி ‘உ, அ, இ’க்காகத்தான். குர்ஆனைப் பொருள் புரிந்து ஓத வேண்டும் என்பதே கோவையில் என்னுடன் படித்த பலருக்கு முதல் காரணம். மார்க்குக்காக வந்தவர்களும் உண்டு, ஒளிக்க என்ன இருக்கு.

எனக்கு ஆசை பிடித்தது வேறிடத்தில். அரபில் பெரும்பாலான சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. ஸர்ஃப் (வேரிலிருந்து சொல் உருவாகும் இலக்கணம்) வகுப்பில் ஒருநாள் ஹ-ஸ-ல என்ற வேர் வந்தது. ஒரு வாய்பாட்டில் போட்டால் மஹ்ஸூல், இன்னொன்றில் தஹ்ஸீல். எங்கப்பா மஞ்சக்காட்டில் நின்று சொல்கிற மகசூலும், பட்டாவுக்கு நடையாய் நடந்த தாசில்தார் ஆபீசும் ஒரே வேருங்க! (‘தார்’ மட்டும் பாரசீகம்.) அன்றைக்கு ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரிந்த சொல்லையெல்லாம் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெருந்துறையில் இறங்க வேண்டியவன், ஈரோட்டில்தான் இறங்கினேன்.