பந்தைத் தொடாதவனுக்கு எதுக்கு முதல் ரவுண்டு?

முடியலங்க. அமெரிக்கக் கால்பந்துல (NFL) டிராஃப்ட், அதாவது டீம்கள் முறை வச்சு கல்லூரி வீரர்களை எடுக்கிற நாள், வந்தாலே இதே ரோதனை. எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுற டாக்கிள் ஒருத்தன், அதாவது பந்தை எறியறவனைக் காக்குற லைன்ல ஓரத்துல நிக்கிறவன், நம்ம முறை வர்ற வரைக்கும் மிச்சம் இருப்பான். உடனே ஒரு மகராசன் கிளம்பி வருவார்: “லைன்மேனா? அவன் என்ன டச்டவுனா போடப் போறான்?”

இந்த சனிக்கிழமை விருந்துல மாட்டினது ஒரு அண்ணன். நம்ம டீம் சின்சினாட்டி பெங்கால்ஸ் ஜெர்சி, முதுகுல சேஸோட 1-ஆம் நம்பர், கையில பிரியாணித் தட்டு. “தம்பி, 2021-ல சேஸை விட்டுட்டு அந்த சீவெல்லை எடுத்திருந்தா நாம சூப்பர் பவுல் போயிருப்போமா?” சேஸ் நாம எடுத்த ரிசீவர், பந்தைப் பிடிச்சு ஓடுறவன். சீவெல் நாம விட்ட டாக்கிள். சூப்பர் பவுல் லீகோட இறுதிப் போட்டி.

சரி, பொறுமையா விளக்குவோம்னு மேஜை மேல அஞ்சு பேப்பர் கப்பை வரிசையா வச்சேன். நடுவுல சென்டர், ரெண்டு பக்கம் கார்டு, ஓரத்துல டாக்கிள். பின்னாடி கெட்சப் பாட்டில், அதுதான் பந்தை எறியற நம்ம குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ. “அண்ணே, 2020 நவம்பர்ல இந்தப் பாட்டிலுக்கு முழங்கால் போச்சுல்ல, ஏன் போச்சு?” “விதி தம்பி”ங்கிறார். விதியாம்! எதிர்ல உப்பு டப்பா, மிளகு டப்பா, ஊறுகாய் பாட்டில்னு மொத்த பாஸ் ரஷ்ஷையும், அதாவது எறியறவனை அமுக்க ஓடி வர்ற கூட்டத்தையும், நிறுத்தினேன். ஊறுகாய்தான் ராம்ஸ் டீமுக்கு ஆடின ஆரன் டொனால்ட். அதை மெதுவா நகர்த்திட்டு வரேன். அண்ணன் கையை நீட்டினார். ரைட் டாக்கிள் கப்பை எடுத்தார். கோக் ஊத்தினார். குடிச்சார். ஏப்பம் வேற. கெட்சப் பாட்டில் அனாதையா நிக்குது. ஐயா, சின்சினாட்டி 2021-ல பண்ணதும் இதேதானய்யா!

அந்த சீசன்ல பர்ரோ வாங்கினது 51 சாக், அதாவது பந்தை எறியறதுக்குள்ள அமுக்கிட்டாங்க. அதுவும் ரெகுலர் சீசன்ல மட்டும். பிளேஆஃப் (நாக் அவுட்) நாலு மேட்ச்ல இன்னொரு 19. டென்னசிகிட்ட ஒரே நாள்ல 9, சூப்பர் பவுல்ல 7. அந்த சூப்பர் பவுல்ல ராம்ஸுக்கு எதிரா கடைசி நிமிஷம், 20-23, நாலாவது டவுன் (அதாவது கடைசி வாய்ப்பு), ஒரே ஒரு கஜம் வேணும். சேஸ் தன்னைத் தடுக்க நின்ன ரேம்சியைத் தாண்டி ஓடிட்டான். பந்து வருமா? எங்கேருந்து வரும்? டொனால்ட் பர்ரோவைப் பிடிச்சு சுத்திட்டு இருக்கான்! அங்க ரிசீவர் காலியா ஓடி என்ன புண்ணியம்? ஏழாவது இடத்துல சீவெல்லை அள்ளிட்டுப் போன டெட்ராய்ட் இன்னும் சிரிக்குது.

இதைச் சொன்னா உடனே 1989, மாண்டரிச்ங்கிற டாக்கிள்னு ஆரம்பிப்பாங்க. கிரீன் பே ரெண்டாவதா எடுத்து ஏமாந்துச்சு, அவனுக்கு அடுத்த மூணு பேரும் ஹால் ஆஃப் ஃபேம். தெரியும்யா! அந்த ஒருத்தனை வச்சே எத்தனை வருஷம் ஓட்டுவீங்க? நாற்பது கஜத்தை 4.22 செகண்ட்ல ஓடினான்னு 2017-ல இதே பெங்கால்ஸ் ஒன்பதாவதா எடுத்தாங்களே ரிசீவர் ஜான் ராஸ், முதல் சீசன்ல ஒரு கேட்ச் உண்டா? ரிசீவர் சொதப்பினா துரதிர்ஷ்டம். டாக்கிள் சொதப்பினா “நான் அப்பவே சொன்னேன்”.

கை நீளமா இருந்தாத்தான் டாக்கிள்னு சொல்ற கோஷ்டி வேற தனி. 2025-ல டாக்கிள் வில் கேம்பலுக்குக் கை 33 அங்குலம் இருக்கா இல்லையான்னு அப்படி ஒரு பஞ்சாயத்து. பொண்ணு பார்க்கப் போற இடத்துல கூட இவ்வளவு நோண்ட மாட்டாங்க. நியூ இங்கிலாந்து பாட்டுக்கு நாலாவதா எடுத்துட்டுப் போயிடுச்சு.

எல்லாத்தையும் கேட்டுட்டு அண்ணன் சொல்றார், “அதெல்லாம் சரி தம்பி, சேஸ் நல்லாத்தானே ஆடுறான்?” ஆடுறான்! யார் இல்லைன்னா? 2024-ல 127 கேட்ச், 17 டச்டவுன். பிளேஆஃப் போனோமா? 9 வெற்றி, 8 தோல்வி! டிஃபென்ஸ்தான் காரணம்னு யாரும் கிளம்பி வராதீங்க, கேக்குற நிலைமையில நான் இல்ல.

சரி, மேட்சையாவது நிம்மதியா பார்க்க விடுறானுங்களா? வியாழனுக்கு ஒரு ஆப், திங்களுக்கு ஒரு சேனல், கிறிஸ்துமஸுக்கு இன்னொரு ஆப். காசையும் வாங்கிட்டு, உள்ள போகலாம்னு பார்த்தா என் பாஸ்வேர்ட் ஸ்ட்ராங்கா இல்லையாம். அதுக்கும் ஒரு லெஃப்ட் டாக்கிள் போடணும் போல.