சீட்டில் இல்லாத ஒரு வரி

தோலின் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் ஸ்டீராய்டு களிம்பை எழுதித் தருகிறவர்களும் சரி, சீட்டே இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறவர்களும் சரி, அதை எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் சொல்வதே இல்லை. பல ஆண்டுகள் பூசி, நிறுத்தி, இன்னும் முழுதாக ஆறாத தோலோடு நடமாடுகிறவள் என்ற முறையில் என் வழக்கெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். மருந்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1950களின் தொடக்கத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பூசு மருந்தாக வந்த பிறகுதான், கரப்பான் எனும் எக்சிமாவால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த எத்தனையோ குழந்தைகள் உறங்கின. உரிய வீரியத்தில் உரிய காலம் பூசுகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்னுடைய நிலை வருவதில்லை.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பெயர்ப்பலகை மலையாளத்தில் இருந்தாலும் மருந்துக் கடைக்குள் நடக்கும் பேச்சு தமிழ்தான். “படைக்கு நல்லதா ஒரு டியூப் குடுங்கண்ணா” என்று கேட்டால், குளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த டியூப் ஒன்று கைக்கு வந்துவிடும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. குளோபெட்டசால், பூசு ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. சில நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், அடியில் பூஞ்சை பரவும், வட்டத்தின் விளிம்பு மங்கிவிடுவதால் பிறகு பார்க்கிற மருத்துவருக்கே படர்தாமரை என்று எளிதில் பிடிபடாது. இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. 2024இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் ஆன்டிபயாடிக் விற்பனையைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, கடைகளில் ஓர் அச்சம் வந்ததைக் கண்டேன். மாத்திரைக்கு வந்த அந்த அச்சம் டியூப்புக்கு வரவில்லை.

நிறுத்திய பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. இந்த மருந்து தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கிறது. நெடுநாள் பூசிய பிறகு நிறுத்தினால் அவை விரிந்துவிடுகின்றன. அரிப்பைக் காட்டிலும் எரிச்சல் மிகுதி. மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்தது போன்ற எரிச்சல். பூசாத இடமும் சிவக்கும். என் கைகளில் சிவப்பு மணிக்கட்டு வரை வந்து கோடாக நின்றது. உள்ளங்கை வழக்கம் போல் இருந்தது. நீர் வடியும், காயும், செதிலாக உதிரும். காலையில் படுக்கை விரிப்பை உதறினால் முற்றத்துச் சிமெண்ட் தரை வெளுத்துவிடும். காற்று வீட்டுக்குள் கொண்டுவருவதற்குள் கூட்டித் தள்ள வேண்டும். உச்சி வெயிலில் குளிர் நடுக்கும், உறக்கம் விடியற்காலையில்தான் வரும். ஆறும், கிளம்பும், மறுபடி ஆறும். ஒவ்வொரு சுற்றிலும் கிளம்பும் இடம் சற்றுச் சுருங்குவதை வைத்துத்தான் குணமாகிறது என்று அறிய வேண்டியிருக்கிறது. முழங்கை மடிப்பு முதலில் தேறியது. கண்ணிமையும் கழுத்தும் இன்னும் தேறவில்லை. மார்கழி முதல் மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கும் வறண்ட காற்று, நல்ல தோல் உள்ளவர்களுக்கே உதட்டை வெடிக்கச் செய்யும். எனக்கோ, குளித்த ஈரம் காய்வதற்குள் வாஸ்லின் பூசாவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகுதான் தோல் இளகும்.

உறவினர் வைத்தியம் தனிக் கதை. ஒரு சீமந்தத்தில் பெரியம்மா ஒருவர், “ஏனம்மிணி, அந்த டியூப்பப் போட்டப்ப மூஞ்சி எத்தன பளபளன்னு இருந்துச்சு, அதையே போட்டுக்கலாமில்ல?” என்றார். அன்போடு கேட்டதுதான், அந்தப் பளபளப்பு தோல் மெலிந்ததால் வந்தது என்பதைப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு எப்படி விளக்குவது?

வாட்ஸ்அப் குழுக்களிலோ உடம்பில் எது சிவந்தாலும் ஸ்டீராய்டை விட்டதன் விளைவு என்கிறார்கள். அது படையாகவும் இருக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம். சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்களும், வீரியமான களிம்பை உடல் முழுக்கப் பூசியவர்களும் திடீரென்று நிறுத்தினால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்க வேண்டிய அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாவற்றையும் இன்றே தூக்கி எறியச் சொல்லும் அந்தத் துணிச்சல் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆட்களை அந்தக் குழுக்களில் தள்ளிவிடுவது, நோயாளியை நிமிர்ந்தும் பாராமல் “பழைய கரப்பான்தான் திரும்பியிருக்கிறது” என்று அதே களிம்பை மறுபடி எழுதும் மருத்துவர்கள்தான். பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு களிம்பை நிறுத்தியபின் வரும் இந்த விளைவைப் பற்றி 2021இலேயே எச்சரித்தது. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கமும் பூசு ஸ்டீராய்டுகளின் தவறான பயன்பாட்டுக்கு எதிராகத் தனிக்குழு அமைத்திருக்கிறது. அறியாமை என்று இனிமேல் சொல்ல முடியாது.

இப்போது நான் பார்க்கும் மருத்துவர் என் தம்பி மகனின் கரப்பானுக்கு எழுதிய சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் பூசுவது, பெரியவரின் சுட்டுவிரல் நுனிக்கணு அளவு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது எவ்வளவு இடத்துக்குப் போதும், எத்தனை நாள் தினமும், பிறகு எப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், எந்தத் தேதியில் டியூப்பை மூடி வைப்பது, மறுபடி கிளம்பினால் கடைக்குப் போகாமல் எப்போது நேரில் வருவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடைக்காரர் அதை முழுதும் படித்துவிட்டு, எடுத்த பெரிய டியூப்பை அலமாரியில் திரும்ப வைத்து, சிறியதைக் கொடுத்தார்.